நாற்பத்தெட்டாவது எறும்பு

பாடாலூர் தாண்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நின்றதும், மற்றவர்கள் வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்ப்பதற்குள் அமிர்தசாமி இறங்கி, சாலையோரத்து வேப்பமரத்தைத் தாண்டிப் போயிருப்பார். அங்கே குந்தி உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து மூன்று காகிதப் பொட்டலங்களை எடுப்பார். ஒன்றில் வெல்லம், ஒன்றில் நெத்திலிக் கருவாடு, ஒன்றில் எள்ளுப் பிண்ணாக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்துச் சாண் இடைவெளி விட்டுத் தரையில் வைப்பார். அப்புறம் அசையமாட்டார். ஈ மூக்கில் உட்கார்ந்தாலும் ஓட்டமாட்டார்.

"எறும்பு சார்! விருந்து போட்டது போதும், வாங்க, வண்டி கெளம்புது!" என்று கண்டக்டர் கூவுவான். அதற்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் எழுந்து ஓடிவருவார். "கருவாட்டுக்கு நாலு பேரு வந்தாங்க. வெல்லத்துக்கு ஒருத்தருமில்ல" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிக்கொண்டே படியேறுவார். பக்கத்து இருக்கைக்காரர் அவர் பையிலிருந்து வரும் வாசனைக்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அமிர்தசாமிக்கு இப்போது முப்பத்தேழு வயது. திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை மயக்கி மெழுகுத் தட்டில் குத்தி வைப்பது, கத்தியைச் சாணை பிடித்து வைப்பது, மாணவன் எதை வெட்டக்கூடாதோ அதை வெட்டுவதற்குள் கையைப் பிடிப்பது இவையெல்லாம் அவர் வேலை. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. குடியிருப்பது அரியலூரில். மனைவி மரிய புஷ்பம் அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. திங்கட்கிழமை காலை ரயிலில் திருச்சிக்குப் போகிறவர், சனிக்கிழமை நேராக ரயிலேறி வீடு வந்து சேரலாம். வரமாட்டார். பஸ் பிடித்துப் பெரம்பலூர் போய், வெயில் தாழும்வரை வரப்பு வரப்பாகத் திரிந்துவிட்டு, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அரியலூர் வருவார். முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் போக வேண்டியவர் பதினோரு வருஷமாக மற்ற இரண்டு பக்கங்களில் போய்க்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி. ஒரு பகல் நடையில் மண் மாறிக்கொண்டே போகிற சீமை இது. பெரம்பலூரில் கரிசல், அரியலூரில் சுண்ணாம்புக் கல், ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண், திருமழபாடிக்குப் போனால் கொள்ளிடத்து மணல். மண் மாறினால் எறும்பும் மாறுமா? எந்த மண்ணில் எத்தனை வகை? யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் எண்ண ஆரம்பித்தார்.

வீட்டிலும் அதே வேலைதான். ஊரில் எல்லாரும் எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலை நீர்க் கிண்ணத்தில் வைப்பார்கள். இவர் வீட்டு மேஜையின் கால்கள் நீரில் நிற்பது எறும்பு இறங்காமலிருக்க. மேஜைமேல் கண்ணாடித் தொட்டிகளில் மண் நிரப்பி, உயிரோடு வைத்திருப்பார். "விருந்தாளி வந்தா உக்கார வைக்க எடமில்ல. இவுங்களுக்கு மட்டும் தொட்டி தொட்டியா வூடு" என்று மரிய புஷ்பம் வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு, தொட்டியில் தண்ணீர் தெளிக்கப் போய்விடுவார். கணவர் திருச்சியிலிருக்கும் ஐந்து நாளும் அவர்தான் தெளிக்கிறார்.

பொய் சொல்ல வராது அமிர்தசாமிக்கு. நல்ல குணம் என்பதற்காகச் சொல்லவில்லை. சிலருக்குச் சீட்டியடிக்க வராது, அதுபோல. நாற்பத்திரண்டாம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஊரெல்லாம் தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள் என்று பேச்சாக இருந்தபோது, அரியலூருக்கு வடக்கே ரயில்பாதை ஓரம் குந்தி உட்கார்ந்திருந்தார். பையில் கண்ணாடிக் குழாய்கள், சாராயம், இடுக்கி. காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்.

"நீ காங்கிரஸா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அமிர்தசாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னும் முடிவு பண்ணலீங்க" என்றார்.

அன்று பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு வந்த காப்பித் தம்ளரின் விளிம்பில் ஊர்ந்த எறும்பைப் பார்த்து, அது எந்த வகை, எங்கே கூடு வைக்கும், சுவரின் எந்த விரிசலில் இப்போது இருக்கும் என்று இவர் சொல்ல, ஒரு கான்ஸ்டபிள் போய் விரிசலில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்க்க, சொன்னபடியே திபுதிபுவென்று வெளியே வந்தன. அதன் பிறகுதான் விட்டார்கள்.

கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர் குருநாதன். அமிர்தசாமியை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். டெமான்ஸ்ட்ரேட்டராகவே தலை நரைத்துப் போன பலரைப் பார்த்தவர். "ஆராய்ச்சி பண்ணி எம்.எஸ்ஸி. வாங்கிடு. அப்புறம் உன்னை லெக்சரர் ஆக்குறது என் பாடு" என்று சொன்னவர். தம்முடைய மைக்ராஸ்கோப்பைக் கோடை விடுமுறை முழுக்க அமிர்தசாமியிடமே விட்டுவைத்தவர். ஆய்வேட்டின் ஆங்கிலத்தை வரிக்கு வரி திருத்திக் கொடுத்தவர்.

ஆய்வேட்டில் நாற்பத்தெட்டு வகை எறும்புகள் இருந்தன. நாற்பத்தேழு ஏற்கெனவே பெயர் உள்ளவை. நாற்பத்தெட்டாவதை உலகத்தில் யாரும் பார்த்திருக்கவில்லை, அல்லது அப்படித் தோன்றியது. நாற்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு பெருமழைக்கு மறுநாள், பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்தில் ஒரு கம்பங்கொல்லை வரப்பில், தேங்கிய நீரில் ஐந்து எறும்புகள் மிதந்தன. தலை மட்டும் மிளகு போல. உடம்புக்கும் தலைக்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் இரண்டு வருஷம் தேடியும் ஆறாவது கிடைக்கவில்லை. வடக்கே ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்கு எழுதினார்; எங்களிடம் இதுபோல் இல்லை என்று பதில் வந்தது. லண்டனுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றால் யுத்தம். கப்பல்கள் கடலுக்கடியில் போய்க்கொண்டிருந்தன.

புதிய வகை என்று எழுதி, ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். கண்டுபிடித்தவர் பெயர் வைக்கலாம் என்பது வழக்கம். அமிர்தசாமி தயங்காமல் தம் பேராசிரியர் பெயரை வைத்தார். பின்னால் ஓர் 'இ' சேர்த்தால் லத்தீன் ஆகிவிடும்: 'குருநாதனி'. குருநாதன் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம் அதைக் காட்டமாட்டார். அவர்கள் பார்வை அதில் படுகிற மாதிரி நாற்காலியைப் போட்டிருந்தார்.

பட்டமும் கிடைத்தது. லெக்சரர் இடம் ஒன்று காலியாவதற்காக மூன்று வருஷம் காத்திருந்தார். நாற்பத்தேழாம் வருஷம் ஜூனில் ஒன்று காலியாகும் என்று தெரிந்தது. மரிய புஷ்பம் திருச்சியில் வீடு பார்க்கச் சொன்னார்.

அந்த வருஷம் தை மாதம். முந்திய மழை பொய்த்திருந்தது. ரேஷன் கடையில் போட்டது பாதி வயிற்றுக்குக்கூடக் காணவில்லை. வாலிகண்டபுரத்தில் அமிர்தசாமி வரப்பில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பெண் களைக்கொத்தால் எறும்புப் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பெயர் முத்தாயி. கூலிக்குக் களையெடுப்பவள், முப்பது வயதிருக்கும். எறும்பு சேர்த்து வைத்திருக்கும் தானியத்தைப் பஞ்ச காலத்தில் தோண்டி எடுப்பது அங்கே புதிதல்ல. கம்பும் புல்லரிசியும் கலந்த மண்ணை அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தாள். தூசியோடு எறும்புகளும் முறத்தின் விளிம்புக்கு வந்தன. பொடி எறும்புகள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. ஆய்வேட்டில் பதினாறாம் எண்.

அவற்றின் நடுவே மிளகு போல் தலை கொண்ட எறும்புகள் ஓடின. ஐந்தல்ல, முப்பதுக்கு மேல்.

"குருநாதனி!" என்று கத்திவிட்டார் அமிர்தசாமி. ஐந்து வருஷமாகத் தேடியது முறம் நிறைய ஓடுகிறது. அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்தது என்று அவரே சொல்வார். அரை நிமிஷம் கழித்து, ஒரு பொடி எறும்பு ஒரு பெரிய தலைக்காரியின் முகத்தைத் தடவி வாயோடு வாய் வைப்பதைப் பார்த்தார். சண்டையில்லை, கடியில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல் கொடுத்தது, அவள் வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, இந்தத் தலைபெருத்தது எங்கேருந்து வந்துச்சு?"

"உள்ளாறேருந்துதான் அய்யா. வெளியில திரியறதெல்லாம் சின்னவளுவ. பெரியவ வெளியில வரமாட்டா. உள்ளாறயே குந்திக்கிட்டு, சின்னவ கொண்டாந்து போடறத ஒடைச்சு ஒடைச்சுக் குடுப்பா. அந்தத் தலை எதுக்குன்னு நெனைச்சீங்க?"

"இது வேற ஜாதி இல்லையா?"

முத்தாயி முறத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற ஜாதின்னா ஒரே வூட்டுக்குள்ள வுடுவாங்களா அய்யா?"

அவள் பாதிப் புற்றோடு தோண்டுவதை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மூடினாள். "பூராத்தையும் எடுக்கப்படாது. வர்ற வருஷமும் மழை பேயலன்னா இங்கதான வரணும்." அவளிடம் கேட்டு வாங்கி, இரண்டு கை மண்ணும், எறும்பும், வெள்ளைப் புழுக்களும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு அமிர்தசாமி பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் மனைவியிடம் தவிர யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மேஜைமேல் புதிய தொட்டி ஒன்று வந்தது. அந்த ஒரே புற்றின் புழுக்களிலிருந்து பொடி எறும்பும் வருகிறதா, பெரிய தலையும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றார். அது பாதி உண்மை. மாசியிலேயே முதல் பெரிய தலைக்காரி வெளுத்த உடம்போடு பிறந்து, தள்ளாடி நடந்துவிட்டாள். அப்புறமும் பங்குனி முழுக்கச் 'சரிபார்த்துக்கொண்டு' இருந்தார். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜூலையில் சொன்னாலும் அதே உண்மைதானே என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து எறும்புகளைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்கு என்ன அவசரம்?

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தார். மரிய புஷ்பம் ரசத்தைக் கீழே வைத்தார்.

"சொல்லணும்னா போய்ச் சொல்லுங்க. சொல்ல வேண்டாம்னா சாப்பிடுங்க. ரெண்டும் இல்லாம சோத்துல கோலம் போட்டுக்கிட்டிருக்கீங்க."

"சொன்னா லெக்சரர் வேலை போயிடும் புஷ்பம்."

"அது எனக்குத் தெரியாதா? டவுன்ல வூடு பாக்கச் சொன்னது நான்தான. நான் கேக்குறது அதில்ல. ஜூன் மாசம் அந்த நாற்காலியில உக்காந்துட்டு, ஜூலையில வாயைத் தொறப்பீங்களா?"

ஜூலையில் ஆகஸ்டு என்று சொல்வோம் என்பது அமிர்தசாமிக்கே தெரிந்திருந்தது.

சித்திரை பிறந்த வாரம், பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு குருநாதன் வீட்டுக்குப் போனார். கூடத்தில், சட்டம் போட்ட பக்கத்துக்குக் கீழே நின்று, எல்லாவற்றையும் சொன்னார். குருநாதன் லென்ஸை வாங்கி டின்னுக்குள் நெடுநேரம் பார்த்தார். நல்ல விலங்கியல்காரர் அவர். பார்த்து முடிக்கும்போதே புரிந்துவிட்டது.

"அஞ்சே அஞ்சு எறும்பு, அமிர்தசாமி. அதுல என் பேரு இருந்தா உனக்கு என்ன கெட்டுப் போச்சு?"

"பேரு இருக்கறதுல ஒண்ணும் இல்லீங்க சார். எறும்புதான் இல்லீங்க."

குருநாதன் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "நீ செய்யறது சரி. போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். கோபித்துக்கொண்டிருந்தால் அமிர்தசாமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூனில் லெக்சரர் இடம் தவளையின் சிறுநீரகத்தைப் பற்றி எழுதிய வேறொருவருக்குப் போயிற்று. அமிர்தசாமியைவிட எட்டு வயது இளையவர். குருநாதன் எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை என்று தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் பிறகு சொன்னார். ஆதரவாகவும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்து தவளைகளை மயக்கிக் கொடுக்கும் வேலை இன்னும் அதிகமாயிற்று.

அமிர்தசாமி பத்திரிகைக்கு எழுதினார். 'குருநாதனி' என்று ஒரு வகை இல்லை. அது பதினாறாம் எண்ணின் பெரிய தலை கொண்ட வேலைக்காரி. இதைக் காட்டிக் கொடுத்தவர் வாலிகண்டபுரம் முத்தாயி. எட்டு மாதம் கழித்து ஆறு வரியாக வெளியாயிற்று. அச்சில் 'திரு. முத்தாயி' என்று இருந்தது. திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுதிப் போட்டார். வாலிகண்டபுரம் போய், யார் பெயர் போயிற்று என்பதையும் சேர்த்து முத்தாயிக்குப் படித்துக் காட்டினார். சர்வகலாசாலைக்கும் எழுதினார்: என் ஆய்வேட்டில் ஒரு பிழை இருக்கிறது, பட்டத்தைத் திருப்பித் தர வேண்டுமா? நாற்பத்தேழு வகை சரியாக இருப்பதால் தேவையில்லை என்று பதில் வந்தது. யாராவது இன்றைக்கும் மரியாதைக்காக, "நாப்பத்தெட்டு வகை கண்டுபிடிச்சவராச்சே" என்றால், "நாப்பத்தேழுங்க" என்று உடனே சொல்லிவிடுவார். அவர் இன்னும் டெமான்ஸ்ட்ரேட்டர். அரியலூரிலேயே குடியிருக்கிறார். சனிக்கிழமைகளில் பெரம்பலூர் சுற்றித்தான் வருகிறார்.

சென்ற வருஷம் குருநாதன் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பத்து மாதம் கழித்து, இந்தத் தை மாதம், ஒரு கார்டு வந்தது. 'அந்தப் புற்றை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். முழங்கால் வலி. பஸ்ஸில் போகும் தூரந்தானே?'

ஒரு சனிக்கிழமை இருவரும் பெரம்பலூர் வழியாக வாலிகண்டபுரம் போனார்கள். வழியெல்லாம் பேச்சு மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும்தான். கடலைக் கொல்லையில் வேலையாக இருந்த முத்தாயியைத் தேடிப் பிடித்தார் அமிர்தசாமி.

"இவருதான் எங்க பேராசிரியரு."

முத்தாயி கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். "அந்த எறும்புக்குப் பேராயிருந்த அய்யாவா? பேரு போனதுல வருத்தமுங்களா?"

இப்படி நேராகக் கேட்க அதுவரை யாரும் துணியவில்லை. அமிர்தசாமி தரையைப் பார்த்தார். குருநாதன் கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இருந்ததும்மா. ரொம்ப நாள் இருந்தது. இவனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கணும்னு இருந்தது. சரி, காட்டு, பார்ப்போம்."

முத்தாயி வரப்பின் ஓரத்தில் களைக்கொத்தைச் சாய்த்துப் போட்டு, ஒரு பக்க மண்ணை மட்டும் கதவு திறப்பதுபோல் பெயர்த்தாள். உள்ளே அடுக்கடுக்காக அறைகள் தெரிந்தன. ஓர் அறை நிறையத் தானியம். குருநாதன் குனிந்து பார்த்தார், முடியவில்லை. குந்திப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. சட்டென்று தடியைக் கீழே போட்டுவிட்டு, அங்கவஸ்திரத்தை மண்ணில் விரித்து அதன்மேல் குப்புறப் படுத்துவிட்டார். முகத்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு சாண்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு பெரிய தலைக்காரி வந்து, ஒரு கம்பு மணியைக் கவ்வி, திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பைக் கடித்தாள். மணி இரண்டாகப் பிளந்தது. பொடி எறும்பு ஒன்று பாதியைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"அமிர்தசாமி" என்றார் குருநாதன், தலையைத் தூக்காமலே. "சத்தம் போடாதே. இங்க வா."

பத்து வருஷம் அந்த மனிதர் எதிரே நாற்காலியின் நுனியில்கூட உட்கார்ந்தறியாதவர் அமிர்தசாமி. ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழிக்கு அந்தப் பக்கம் போய், பேராசிரியரின் தலைக்கு எதிரே தலை வைத்து, வெறும் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டார்.